‘வெல்லமாட்டார்’ என்னும் தீர்ப்பு
அமெரிக்க அதிபர் தேர்தலும் பொதுமக்கள் கருத்தும்: 1964, 1980

மக்களாட்சி நிலவும் நாடுகளில் தேர்தல் நெருங்கும்போது மக்களிடையே இரண்டு வினாக்கள் எழுகின்றன. ‘யார் ஆளவேண்டும்?’ என்பது ஒன்று, ‘யார் வெல்வார்?’ என்பது மற்றொன்று. முன்னது விருப்பத்தைப் பற்றியது. பின்னது எதிர்பார்ப்பைப் பற்றியது. இவை ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. தாம் விரும்பும் ஒருவர் தோற்பார் என்று எண்ணுவோரும் உண்டு. தாம் அஞ்சும் ஒருவர் வென்றுவிடுவார் என்று கலங்குவோரும் உண்டு. நாட்டை இரு கூறாக்கும் கொள்கையுடைய ஒருவர் போட்டியில் இறங்கும்போது இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று கலந்து கற்றோரையும் மயங்கச் செய்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றில் இம்மயக்கத்தை விளக்கும் தேர்தல்கள் இரண்டு. 1964ஆம் ஆண்டில் பாரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டது ஒன்று; 1980ஆம் ஆண்டில் ரொனால்டு ரேகன் போட்டியிட்டது மற்றொன்று. இருவரும் குடியரசுக் கட்சியினர்; பழமை போற்றும் கொள்கையினர். இருவரைப் பற்றியும் ‘இவர் வெல்லமாட்டார்’ என்றே அறிந்தோர் பலர் கூறினர். முன்னவரைப் பற்றிய கூற்று மெய்யாயிற்று. பின்னவரைப் பற்றிய கூற்று பொய்யாயிற்று. அஃது ஏன் என்பது ஆராயத்தக்கது.

கருத்தை அளந்த முறை

மக்கள் கருத்தை முன்கூட்டியே அளந்தறியும் முயற்சி அமெரிக்காவில் நெடுநாளாக நடந்து வருவதாகும். 1936ஆம் ஆண்டில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பிற்று. இருபத்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு, ரூஸ்வெல்ட் தோற்பார், லாண்டன் வெல்வார் என்று அவ்விதழ் அறிவித்தது. ஆனால் ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்து பெரிதும் பெயர்களை எடுத்ததும், சீட்டைத் திருப்பி அனுப்பியோரின் கருத்தையே எல்லாருடைய கருத்தாகக் கொண்டதும் அவ்விதழ் செய்த பிழைகள். அதே தேர்தலில் மிகச் சிலரையே வினவிய ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகக் கூறினார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதினும் எத்தகையோரைக் கேட்டோம் என்பதே முதன்மையானது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

எனினும் அந்தக் கேலப்பே 1948இல் இடறினார். டூயி வெல்வார் என்று அவர் கூற, ட்ரூமன் வென்றார். தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வினவுதலை நிறுத்திவிட்டதால், இறுதி நாட்களில் மாறிய மனங்களை அவரால் அறிய இயலவில்லை. எத்தகையோரைக் கேட்டோம் என்பதோடு, எந்நாளில் கேட்டோம் என்பதும் முதன்மையானது என்பது இரண்டாவது பாடம்.

கோல்ட்வாட்டர் கண்ட களம்

அரிசோனா மாநிலத்தவரான கோல்ட்வாட்டர் 1952ஆம் ஆண்டில் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நடுவண் அரசின் அதிகாரம் குறையவேண்டும், பொதுவுடைமை நாடுகளிடம் கண்டிப்பு வேண்டும் என்பன அவருடைய கொள்கைகள். கரவின்றிப் பேசும் இயல்பினர் அவர். அதுவே அவருக்கு அன்பர்களையும் பகைவர்களையும் ஒருங்கே பெருக்கிற்று. முதியோர் நலத்திற்கான சமூகக் காப்புத் திட்டத்தில் சேர்வதை அவரவர் விருப்பத்திற்கு விடலாம் என்றார், முதியோர் அஞ்சினர். போர்க்களத் தளபதிகளுக்குச் சிறு அணு ஆயுதங்களைப் பயன்படுத்தும் உரிமை தரலாம் என்றார், தாய்மார் அஞ்சினர். 1957, 1960ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களை ஆதரித்த அவர், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசமைப்புக்கு மாறானது என்று கூறி எதிர்த்து வாக்களித்தார். நிற வேற்றுமையால் வதைபட்ட மக்கள் அவரைத் தம் உரிமைக்குத் தடையாகவே கண்டனர்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய கட்சி மாநாட்டில் பிளவு வெளிப்பட்டது. நியூயார்க் ஆளுநர் ராக்பெல்லர் பேச எழுந்தபோது கூட்டத்தினர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். வேட்பாளரான கோல்ட்வாட்டர் தம் ஏற்புரையில், உரிமையைக் காக்கும் பொருட்டுத் தீவிரம் காட்டுவது குற்றமாகாது என்னும் கருத்துப்பட முழங்கினார். பிரிந்து நின்றோரை அரவணைக்கும் சொல் ஒன்றையேனும் எதிர்பார்த்த கட்சி மூத்தோர் பலர் திகைத்தனர்.

‘உள்ளத்தளவில் உங்களுக்குத் தெரியும், அவர் சொல்வதே சரி’ என்பது கோல்ட்வாட்டர் அணியினரின் முழக்கம். இதனுள் ஒரு நம்பிக்கை பொதிந்திருந்தது. வாக்களிக்காமல் வீட்டிலேயே இருந்துவிடும் பழமைவாதிகள் நாடெங்கும் மறைந்திருக்கின்றனர். மெய்யான பழமைவாதி ஒருவர் நின்றால் அவர்கள் வெளிவருவர் என்று அவ்வணியினர் நம்பினர். கேலப் நிறுவனத்தின் இறுதிக் கணிப்போ ஜான்சனுக்கு 64 விழுக்காடு, கோல்ட்வாட்டருக்கு 36 விழுக்காடு என்றது.

அச்சமும் தன் பங்கைச் செய்தது. சிறுமி ஒருத்தி பூவின் இதழ்களை எண்ண, அவ்வெண்ணிக்கை அணுகுண்டு வெடிப்பதற்கான எண்ணிக்கையாக மாறும் விளம்பரம் ஒன்றை ஜான்சன் அணியினர் செப்டம்பர் 7ஆம் நாள் தொலைக்காட்சியில் வெளியிட்டனர். கோல்ட்வாட்டரின் பெயரே அதில் இல்லை. விளம்பரமாக ஒருமுறைதான் ஒளிபரப்பப்பட்டது. ஆயினும் அது யாரைச் சுட்டியது என்பதை அறியாதார் இல்லை.

‘ஃபேக்ட்’ என்னும் இதழ் அதனினும் ஒருபடி மேலே சென்றது. 12,356 மனநோய் மருத்துவர்களுக்கு எழுதி, கோல்ட்வாட்டர் அதிபராவதற்கு மனத்தளவில் தகுதியுடையவரா என்று கேட்டது. விடையளித்தோர் 2,417 பேர். தகுதியற்றவர் என்றோர் 1,189 பேர். நேரிற் சோதியாத ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் அளித்த தீர்ப்பு இது! கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்து வென்றார். நேரிற் சோதியாத பொதுவாழ்வினரின் மனநிலை பற்றிக் கருத்துரைப்பது முறையன்று என்னும் விதியை அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1973இல் வகுத்துக்கொண்டது.

நவம்பர் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஜான்சன் பெற்ற வாக்குகள் 61.1 விழுக்காடு; கோல்ட்வாட்டர் பெற்றவை 38.5 விழுக்காடு. 538 தேர்வாளர் வாக்குகளுள் 486 ஜான்சனுக்கும் 52 கோல்ட்வாட்டருக்கும் கிடைத்தன. மறைந்திருந்த பெருங்கூட்டம் வெளிவரவில்லை. கருத்துக் கணிப்பு பொய்க்கவில்லை.

தோல்வியைப் படித்தோர் செய்த பிழை

பிழை அதன் பின்னரே நிகழ்ந்தது. கோல்ட்வாட்டர் தேர்தலில் மட்டுமன்றித் தம் கொள்கையின் எதிர்காலத்தையும் இழந்துவிட்டார் என்னும் கருத்துப்பட ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் எழுதினார். அறிஞர் பலரும் அவ்வாறே கருதினர். ‘இவ்வாண்டில் இவர் வெல்லவில்லை’ என்னும் உண்மை, ‘இத்தகையவர் எவரும் எக்காலத்தும் வெல்லமாட்டார்’ என்னும் விதியாக விரிக்கப்பட்டது.

அவர்கள் காணத் தவறியவை சில. கோல்ட்வாட்டருக்கு வாக்களித்தோர் 2 கோடி 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர் வென்ற ஆறு மாநிலங்களுள் அரிசோனா நீங்கலாக ஏனைய ஐந்தும் தென்கோடியில் உள்ளவை. வரலாற்றில் ஒருமுறையேனும் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்திராத ஜார்ஜியா அவரைத் தேர்ந்தது. அதே நாளில், ஜனநாயகக் கட்சியை ஒருமுறையும் ஏற்றிராத வடக்கு மாநிலமான வெர்மாண்ட் ஜான்சனைத் தேர்ந்தது. நூறாண்டுப் பழமையுடைய கட்சிப் பற்றுகள் இடம்பெயரத் தொடங்கியிருந்தன. மொத்தக் கணக்கை மட்டும் நோக்கியோர்க்கு இது புலப்படவில்லை.

மற்றொன்றும் உண்டு. அக்டோபர் 27ஆம் நாள் கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் அரைமணி நேரம் உரையாற்றிய திரைப்பட நடிகர் ஒருவர் நாட்டின் கவனத்தைக் கவர்ந்தார். அவரே ரேகன். 1966இல் அவர் கலிபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, எளிதில் வெல்லத்தக்க எதிரி கிடைத்தார் என்று ஆளுநர் பிரவுன் அணியினர் மகிழ்ந்தனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் வாக்கு வேறுபாட்டில் ரேகனே வென்றார்.

1980: பழைய தீர்ப்பு, புதிய காலம்

பதினான்கு ஆண்டுகள் கழிந்து அதே மகிழ்ச்சி வெள்ளை மாளிகையிலும் காணப்பட்டது. ரேகனே எதிரியாக வரவேண்டும் என்று அதிபர் கார்ட்டரின் துணைவர் பலர் விரும்பினர். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் போர்டு, மிகுந்த பழமைவாதி ஒருவர் நாடளாவிய தேர்தலில் வெல்ல இயலாது என்று 1980 மார்ச் திங்களில் வெளிப்படையாகவே கூறினார். அவர் மனத்தில் நின்றது 1964ஆம் ஆண்டே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆண்டின் தொடக்கக் கணிப்புகளிலும் கார்ட்டரே முன்னின்றார்.

ஆனால் காலம் மாறியிருந்தது. 1964இல் நாடு செழிப்புற்றிருந்தது. முந்திய நவம்பரில் கொலையுண்ட கென்னடியின் துயர நினைவும் ஆறாதிருந்தது. 1980இலோ விலைவாசி ஓராண்டில் 13 விழுக்காட்டிற்கு மேல் ஏறிற்று, வேலையின்மை மிகுந்தது, ஈரானில் 52 அமெரிக்கர்கள் சிறைப்பட்டிருந்தனர். மனிதரிலும் வேறுபாடு இருந்தது. கோல்ட்வாட்டர் கடுமையாகச் சொன்னவற்றை ரேகன் புன்முறுவலோடு சொன்னார். அக்டோபர் 28ஆம் நாள் கிளீவ்லாந்து நகரில் நிகழ்ந்த சொற்போரில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இன்று நலமாக இருக்கிறீர்களா என்று அவர் மக்களைக் கேட்டார். ரேகனுக்கு அஞ்சலாமா என்று எண்ணியிருந்தோர், கார்ட்டர் போதுமா என்று எண்ணத் தொடங்கினர்.

கேலப்பின் இறுதிக் கணிப்பு ரேகனுக்கு 47, கார்ட்டருக்கு 44, தனித்து நின்ற ஆண்டர்சனுக்கு 8 என்றது. நவம்பர் 4ஆம் நாள், அமெரிக்கர் சிறைப்பட்டு ஓராண்டு நிறைந்த அதே நாளில், ரேகன் 50.7 விழுக்காடும் கார்ட்டர் 41 விழுக்காடும் பெற்றனர். தேர்வாளர் வாக்குகள் 489க்கு 49. அரிசோனாவில் அன்று மீண்டும் செனட் சபைக்கு நின்ற கோல்ட்வாட்டரோ மயிரிழையில்தான் தப்பினார். கொள்கை பெருவெற்றி பெற்ற நாளில் அதன் முன்னோடி தோல்வியின் விளிம்பில் நின்றது காலத்தின் விந்தை எனலாம்.

அறியத்தக்கது

பின்னாளிலும் இம்மயக்கம் தீர்ந்தபாடில்லை. 2016இல் டொனால்டு டிரம்ப் வெல்லமாட்டார் என்று பெரும்பாலோர் கூறினர். ஹில்லரி கிளின்டன் நாடளவில் 2.1 விழுக்காடு மிகுதியாகவே வாக்குப் பெற்றார். நாடளாவிய கணிப்புகள் இதிலிருந்து பெரிதும் விலகியிருக்கவில்லை. ஆயினும் தேர்வாளர் வாக்குகளில் டிரம்ப் 304 பெற்று அதிபரானார். மக்கள் தொகையின் கருத்து வேறு, மாநிலந்தோறும் அது பரவிக் கிடக்கும் முறை வேறு என்பதைப் பலர் மறந்திருந்தனர்.

ஆக, ‘இவர் வெல்லமாட்டார்’ என்னும் தீர்ப்பு வேட்பாளரைப் பற்றியது போலத் தோன்றினும், பெரும்பாலும் அஃது அந்த ஆண்டைப் பற்றிய தீர்ப்பே. கணிப்பு என்பது ஒரு நாளின் நிழற்படம். அந்நாளில் அது மெய்யாகலாம். மறுநாளைக்கு அது சான்றாகாது. தோற்றவர்க்கு வாக்களித்தோரும் குடிமக்களே. அவர்தம் அச்சம் யாது, குறை யாது, அவர்கள் வேண்டுவதில் ஏற்கத்தக்கது எது, மறுக்கத்தக்கது எது என்று ஆராய்ந்து விடையிறுப்பது எதிர்க்கொள்கையினரின் கடன். அவர்களைப் பித்தர் என்று இகழ்ந்து ஒதுக்கியோர் அக்கடனைச் செய்யவில்லை. எண்ணிக்கையால் வென்றதையே வாதத்தால் வென்றதாக எண்ணி அமைந்தனர். 1964இன் வெற்றியாளர்கள் 1980இல் வியப்புற்றதற்குக் காரணம் இதுவே.