பெருந்தெருவோடு நின்ற கம்பி: வன்னிக் கராஜ்களுக்கு இணையம் வந்த வழி

 

"சேர், வீட்டுக்குள்ள நெற் நல்லா இருக்கு. பின்னால கராஜுக்குப் போனா ஒன்றும் வேலை செய்யுதில்லையே, ஏன்?" கராஜ் நடத்தும் பழைய மாணவர்கள் பலர் எங்களிடம் கேட்பது இது. இதற்குச் சின்னப் பதிலும் உண்டு, பெரிய பதிலும் உண்டு. பெரிய பதில் வரலாற்றில் இருப்பதால் அதை முதலில் சொல்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

இலங்கையின் முதல் தந்திக்கம்பி 1858 இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையில் இழுக்கப்பட்டது. காலி கப்பல்கள் தரித்த துறைமுகம், கொழும்பு ஆட்சியும் வியாபாரமும் நடந்த நகரம். கம்பி யாரைத் தேடிப் போனது என்பது அதிலேயே தெரிகிறது. வடக்குக்கான புகையிரதப் பாதை 1905 இல் காங்கேசன்துறை வரை முழுமையானது. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று பாதையோரத்து ஊர்கள் வெளியுலகோடு சேர்ந்தன. முல்லைத்தீவுக்கு அன்றும் புகையிரதம் இல்லை, இன்றும் இல்லை. தண்ணீரூற்று, முள்ளியவளை, நீராவிப்பிட்டி மக்கள் மாங்குளச் சந்திக்கு வந்துதான் ரயில் ஏற வேண்டும். எந்த வசதியும் முதலில் பெருந்தெருவுக்கு வரும். பிறகு அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் ஊர், மிச்சத் தூரத்தைத் தானே கடக்க வேண்டும். வன்னியில் இந்த வழக்கம் நூறு வருடத்துக்கும் மேலாக மாறவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது அந்தப் பெருந்தெருவும் அறுந்தது. யாழ்தேவி வவுனியாவுக்கு அப்பால் போகவில்லை. அதே வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களாகிய எங்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினோம். வீடு, வயல், கடை, கராஜ் எல்லாம் பின்னால் கிடந்தன.

வன்னிக்குள் இருந்த எங்கள் தமிழ் அயலவர்களுக்கு அந்த வருடங்கள் வேறொரு விதத்தில் கொடுமையானவை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க, பாஸ் எடுத்து, சோதனைச்சாவடி கடந்து, வவுனியாவின் கொமினிகேஷன் கடைகளில் காத்திருந்தார்கள். பெற்றோலும் பற்றறியும் பொருளாதாரத் தடையில் இருந்தன. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். அந்தக் காலத்துக் கராஜ்காரருக்குப் புத்தகமும் இல்லை, கம்பனி உதவியும் இல்லை. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே பழுதைச் சொன்னார்கள். அந்த அறிவு கையிலிருந்து கைக்கு மாறியது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகுதான் எங்களிலும் சிலர் மெல்ல மெல்லத் திரும்பினோம். 2013 இல் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தது. பல இடங்களில் வீட்டுக்குக் கூரை ஏறும் முன்னே தொலைபேசி ரவர்கள் எழுந்துவிட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ரவர் பெருந்தெருவிலும் பட்டினத்திலும்தான் நெருக்கமாக இருந்தது. குளத்துக்கு அப்பால் போனால் சிக்னல் ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் போனுக்குள் போனபோது, இந்த வித்தியாசம் எங்கள் வகுப்பறைகளில் அப்படியே தெரிந்தது.

சரி, கராஜுக்கு ஏன் வேகமான நெற்? இன்றைய எஞ்சின் காதுக்குப் பதில் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில் பழுதைக் குறியீடாகச் சொல்லும் பொதுவான இணைப்பு கட்டாயமானது. பிறகு அது உலகமெங்கும் பரவியது. ஸ்கேனரைக் குத்தினால் குறியீடு வரும். அதன் பொருளையும் வயரிங் படத்தையும் தேட நெற் வேண்டும். ஸ்கேனரின் மென்பொருளைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார் என்றால் விவரமெல்லாம் ஜப்பான் மொழியில் இருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். அந்தத் திருத்த வேலை நம்மூர்க் கராஜில் முடியாவிட்டால் வாகனம் அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ போகும். கூலியும் அங்கேதான் போகும். கொஞ்ச நாளில் பொடியனும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போய்விடுவான். திரும்பி வந்த குடும்பங்கள் இங்கே நிலைக்குமா என்ற கேள்வி இந்தக் கராஜ்களுக்குள்ளும் இருக்கிறது.

நாட்டுக்குள் வரும் இணையம் கல்கிசை, கொழும்பு, மாத்தறைக் கரைகளில் கடலடிக் கேபிள்கள் வழியாக ஏறுகிறது. அங்கிருந்து பைபரில் வடக்கே வருகிறது. பழைய செப்புக் கம்பி இணைப்பில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் விழும். ஐந்து கிலோமீற்றர் தாண்டினால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. பைபரில் ஒளி போவதால் இருபது கிலோமீற்றர் வரை சிக்கலில்லை. ஆனால் ஒழுங்கையில் கம்பம் வேண்டும். கம்பம் இல்லாத இடத்தில் மிஞ்சுவது 4ஜி ரௌட்டர். 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் உண்டு, ஆனால் அதன் செலவு சிறிய கராஜுக்குப் பாரம்.

இனிச் சின்னப் பதில். வீட்டு ரௌட்டரின் அலையைச் சுவரும் கராஜின் தகரமும் மறிக்கின்றன. கராஜுக்குள் 4ஜி ரௌட்டர் வைத்தாலும் இதே கதைதான். அதை வெளியே உயரத்தில் அன்டெனாவோடு இணைக்க வேண்டும். வீட்டுக்கு நல்ல இணைப்பு இருந்தால், வெளிப்புறப் பாவனைக்கான நெற்வேர்க் கேபிளைப் பி.வி.சி. குழாய்க்குள் விட்டு நிலத்தடியால் கொண்டுபோய், கராஜில் இன்னொரு சிறு வை-பை பெட்டியை வையுங்கள். அந்தக் கேபிள் நூறு மீற்றர் வரை போகும். மின்சார வயரோடு ஒரே குழாயில் விடாதீர்கள். நம் பக்கத்து இடி மின்னல் உங்களுக்குத் தெரியும். செப்புக் கேபிள் வழியாக மின்னல் தாக்கம் இரண்டு பக்கக் கருவிகளையும் எரிக்கலாம். இயலுமானால் அந்தத் துண்டையும் பைபரில் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

வீட்டிலிருந்து கராஜுக்கான ஐம்பது மீற்றரை நாமே போட்டுவிடலாம். தெருவிலிருந்து ஊருக்கான ஐந்து கிலோமீற்றரைத் தனி ஒருவரால் முடியாது. தனித்தனியாகப் போடும் விண்ணப்பம் கம்பம் இல்லை என்ற பதிலோடு திரும்பி வருகிறது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பாடசாலை, கிராம அபிவிருத்திச் சங்கம் எல்லாம் சேர்ந்து, ஒழுங்கை வாரியாகப் பெயர்ப்பட்டியல் எழுதி, ஊராகக் கேட்போம். பட்டியல் எழுதப் பாடசாலையில் ஒரு பின்னேரம் ஒதுக்க நாங்கள் தயார்.

உங்கள் ஊருக்கு முதல் போன் எந்த வருடம் வந்தது? மண்ணெண்ணெய்க் காலத்தில் கராஜ் நடத்திய பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு சொல்லிக்கொடுக்க அவை வேண்டும்.