கரணையும் விதையும்

கரும்பை உழவர் விதைப்பதில்லை. கணுவுள்ள கரணையை நடுகின்றனர். அதில் எழும் பயிர் தாய்ப்பயிரின் மறுபதிப்பே. பண்பைக் காக்கும் இம்முறையே புதுவகை தோன்றும் வழியைப் பெரும்பாலும் அடைத்தும்விடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவின் மெலிந்த கரும்புகள் குறைந்த விளைச்சலே தந்தன. ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதியாயிற்று. புதுவகைக்குப் பூவும் விதையும் வேண்டும். வடக்கில் கரும்பு முளைக்கும் விதை தருவது அரிது. கோயம்புத்தூரில் அது இயல்பு. எனவே 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. பார்பரும் வெங்கட்ராமனும் இனிப்பு மிகுந்த கரும்பைக் காட்டுப் புல்லான நாணலோடு இனக்கலப்புச் செய்தனர். அவ்வாறு பிறந்த கோ 205, பஞ்சாபில் பயிரிடுவதற்காக 1918இல் வெளியிடப்பட்டது.

அந்தப் புதிய கரும்பும் வயலை அடைந்தது கரணையாகவே. விதை தந்த புதுமையைக் கரணை காத்தது.