2.0 (திரைப்படம்): ரசிகர் வரவேற்பு

ஷங்கர் இயக்கி 2018 நவம்பர் 29 அன்று வெளியான 2.0, 2010-இல் வந்த எந்திரனின் தொடர்ச்சி. அறிவியல் கற்பனை தமிழ்த் திரைக்குப் புதிதல்ல. எம்.ஜி.ஆர். 1963-இலேயே கலை அரசியில் வேற்றுக்கோளுக்குப் போய் வந்தவர். ஆனால் அப்படியொரு கதையின் இரண்டாம் பாகத்துக்கு ரசிகர்கள் எட்டு ஆண்டு காத்திருந்தது இங்கேதான். படம் வந்ததும் கருத்து பிளந்தது. முப்பரிமாணக் காட்சிகளை மெச்சியவர்களிலேயே பலர் கதையில் குறை கண்டார்கள்.

எந்திரனோடு ஒப்பிட்டுக் கண்ட அந்தக் குறையைப் பழம்பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. எந்திரனில் தீயிலிருந்து சிட்டி என்ற இயந்திர மனிதன் மீட்கும் பெண், ஆடையின்றி ஊரார் முன் நிற்க நேர்ந்த அவமானத்தில் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். மானம் என்பது இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. கதை திரும்புவதே அந்த இடத்தில்தான். 2.0-இல் சிட்டிக்கு அப்படியொரு முடிச்சு இல்லை. உணர்ச்சியின் பாரம் முழுக்க அக்‌ஷய் குமாரின் பட்சிராஜன் தலையில். செல்பேசிகள் சேர்ந்து உருவான ராட்சதப் பறவையோடு மோதுவதே சிட்டிக்கு மிச்சம். எந்திரனுக்கு வசனம் எழுதிய எழுத்தாளர் சுஜாதா 2008-இல் மறைந்ததுதான் இதற்குக் காரணம் என்பாரும் உண்டு. வசனத்தைவிடத் திரைக்கதையின் அமைப்பே காரணம் என்பதே பொருந்துகிறது. வசூல் குவிந்ததே என்று கேட்கலாம். அது டிக்கெட் வாங்கிய ஆவலுக்குச் சான்று, பார்த்து முடித்த நிறைவுக்கு அல்ல. பட்சிராஜனின் முன்கதையே படத்தின் சிறந்த பகுதி.