பிரசிடெண்டின் நாட்குறிப்பு

சிதம்பரம் கோயில் சுவர்களில் சோழ மன்னர்களின் தானங்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அரசன் அன்று காலை யாரைச் சந்தித்தான், எதற்குக் கோபித்தான் என்று எந்தக் கல்லும் சொல்லக் காணோம். ஆள்பவரின் அன்றாடத்தை எழுதிவைத்த இடத்தைப் பார்க்கவேண்டுமானால், வடக்கே கடலூருக்கு வாருங்கள்.

தேவனாம்பட்டினத்தில் கெடிலக் கரையில் சிதைந்து கிடக்கிறதே செயின்ட் டேவிட் கோட்டை, அது கும்பினியார் 1690-ல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகவே, 1752 வரை கடலூரே ராஜதானியின் தலைமையிடமாயிற்று. 'பிரெஸிடென்ஸி' என்ற பெயரே பிரசிடெண்டு ஆண்டதால் வந்ததுதான். அவர் இங்கே கவுன்சிலைக் கூட்டினார். வந்த கப்பல், துணி வியாபாரிகளோடு செய்த ஒப்பந்தம், கஜானா இருப்பு எல்லாம் தேதிவாரியாகப் புத்தகத்தில் ஏறின. அங்கத்தினர்கள் கையெழுத்திட்டார்கள். நகல் லண்டனுக்குப் போயிற்று.

சரித்திரத்தின்மேல் ஆசையா? அதெல்லாம் இல்லை. பல மாதக் கப்பல் பிரயாணத்துக்கு அப்பால் இருந்த முதலாளிகளுக்குத் தம் ஊழியர்மேல் சந்தேகம்!

முதலாளி படிக்கப்போகிறார் என்று தெரிந்து எழுதும் ஏட்டில் மனம் திறக்குமா? அதே காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர் டூப்ளேயின் பேச்சையும் கோபத்தையும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. அதனால்தான் அதில் உயிர் இருக்கிறது.

கடலூர்க் கோட்டையை 1758-ல் லாலி பிடித்துத் தகர்த்தான். கல் போயிற்று, காகிதம் நின்றது. பிரசிடெண்டின் நாள் நமக்குத் தெரிகிறது. அவர் விலை பேசிய துணியை நெய்தவனின் நாளை எழுதத்தான் ஆளில்லை.