காபன் சில்லும் றப்பர் பாலும்: ஒரு சைக்கிள் திருத்தப் போய் வாசித்த வரலாறு

எங்கட கூட்டத்துக்குப் பொதுச்சொத்து எண்டு இருக்கிறது ஒரேயொரு சைக்கிள். கூட்டாளி ஒருவனின் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வந்து நின்ற காலத்தில் ஓடிவிட்டு, திரும்பும்போது விட்டுச்சென்றது. ‘கிறவல் பைக்’ என்று பெயர். றேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹாண்டில், ஆனால் தார் போடாத பாதைக்கென்று அகலமான ரயர், டிஸ்க் பிரேக். கிறவல் எங்களுக்குப் புதிசில்லை. ஊரில பாதி ஒழுங்கை கிறவல்தான். அதில ஓடுறதுக்கெண்டு தனியா ஒரு சைக்கிள் செய்து விக்கிறாங்கள் எண்டதுதான் புதிசு.

போன மாரியோடு பின் சில்லு நெளிந்துவிட்டது. ரயரின் ஓரமும் வெடித்திருந்தது. எங்களில் ஒருவன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, “காபன் சில்லு போட்டா வேற லெவல் மச்சான்” என்று நின்றான். விலையைப் பார்த்தோம். எங்களில் இரண்டு பேர் ஒரு வருடத்துக்குக் கட்டுகிற போர்டிங் காசை விடக் கூட. மூன்று இரவு சண்டை. நாங்கள் வரலாறு படிக்கிற ஆக்கள். ஒரு சாமானை வாங்க முன்னம் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டாவிட்டால் நித்திரை வராது. தோண்டினோம்.

1860களில் பரிஸில் ஓடிய மிதிசைக்கிள்களின் சில்லு மரத்தாலானது, சுற்றிவர இரும்புப் பட்டி. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பட்டப்பெயரே ‘எலும்பு குலுக்கி’. வண்டிச் சில்லில் பாரம் கீழே இருக்கிற மரக்காலில் இறங்கி நிற்கும். மெல்லிய கம்பியால் அப்படித் தாங்க முடியாது, வளைந்துவிடும். ஆனால் எல்லாக் கம்பிகளையும் முதலே இறுக்கி இழுத்து வைத்துவிட்டால் கதை மாறுகிறது. பாரம் ஏறும்போது கீழ்க் கம்பிகளின் இறுக்கம் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். இந்த யோசனையை ஜோர்ஜ் கெய்லி என்ற ஆங்கிலேயர் 1808 இலேயே பறக்கும் இயந்திரத்துக்காகக் குறித்து வைத்திருந்தார். 1869இல் பரிஸில் இயூஜீன் மேயர் அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். 1874இல் கொவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளை ஹப்பிலிருந்து நேரே விடாமல், சாய்த்துக் குறுக்காகப் போட்டார். இன்றைக்கு எங்கட சந்தியில நிக்கிற எந்தச் சைக்கிளின் பின் சில்லையும் குனிந்து பாருங்கள்: அதே குறுக்குக் கம்பிதான்.

இதை வாசித்ததும் முதல் பிடி கிடைத்தது. சில்லின் பலம் பெரும்பாலும் கம்பியின் இறுக்கத்தில் இருக்கிறது. விலை கூடிய றிம்மாக இருந்தாலும் கம்பி ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் நெளியும். மலிந்த றிம்மையும் ஒழுங்காக இறுக்கினால் வருடக்கணக்கில் ஓடலாம். அப்போ எங்கட சில்லு செத்துப்போகவில்லை. நெளிவு எடுத்தால் காணும்.

ரயரின் கதை இதைவிடச் சுவையானது. காற்று ரயருக்கு முதலில் காப்புரிமை எடுத்தவர் டன்லப் இல்லை. ரொபர்ட் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், 1845இல். அப்போது மிதிசைக்கிளே வந்திருக்கவில்லை, குதிரைவண்டிக்குத்தான். ஆட்கள் அதை மறந்தே போனார்கள். 1887இல் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியர் ஜோன் போய்ட் டன்லப் தன் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிள் குலுங்காமல் ஓட றப்பர் குழாய்க்குள் காற்றடித்துப் பார்த்தார். அடுத்த வருடம் காப்புரிமை. 1889இல் வில்லி ஹ்யூம் அந்த ரயரோடு பெல்ஃபாஸ்ட் போட்டிகளில் வென்றதும் சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. பிறகு தொம்சனின் பழைய பத்திரம் வெளியே வந்து டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது வேறு கதை.

ஆனால் அந்த ரயரை றிம்மோடு ஒட்டித்தான் வைத்தார்கள். காற்றுப் போனால் உரித்து, ஒட்டி, காயவிட வேண்டும். பிரான்சில் மிஷெலின் சகோதரர்கள் 1891இல் கழற்றிப் பூட்டக்கூடிய ரயரைக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் பரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் போட்டியை ஷார்ல் தெரோன் அந்த ரயரில் ஓடி, 72 மணித்தியாலத்துக்குள் முடித்து வென்றார். வேகத்துக்காக வந்த ரயர், வழியில் திருத்தக்கூடியதாக மாறின பிறகுதான் சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது. இதைத்தான் எங்கட காபன் வெறியனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னோம்: ஊர்க் கடையில் ஒட்ட முடியாததை ஊரில் ஓடாதே.

அவனிடமும் வரலாறு இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும். ரூர் டி பிரான்ஸ் போட்டியில் மர றிம்தான் என்று சட்டம் இருந்த காலம். 1934இல் வென்ற அன்ரொனின் மாஞ் ஓடியது அலுமினியக் கலவை றிம்மில், யாரும் கண்டுபிடிக்காமல் இருக்க மரநிறம் பூசி. மாவிக் நிறுவனம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிற கதை இது. பாரம் குறைந்த சில்லு உதவாது என்று யாரும் சொல்லவில்லை. சுற்றுகிற சில்லின் ஓரத்தில் குறைக்கிற ஒரு கிராம், வேகமெடுக்கும்போது சட்டத்தில் குறைக்கிற இரண்டு கிராமுக்குச் சமன். அதற்கு மேல் இல்லை. சாதாரண அலுமினியச் சோடிச் சில்லு 1,800 கிராம் அளவில் வரும், நல்ல காபன் 1,400, 1,500. வித்தியாசம் அரைப் போத்தல் தண்ணீர். மாஞ்சுக்கு அது வெற்றி. மினிபஸ் பிடிக்க முடியாமல் சைக்கிளில் விரிவுரைக்குப் போகிற எங்களுக்கு?

பிரான்சில் இன்னொரு ஆளும் இருந்தார். செந்த்-எத்தியேன் நகரத்து போல் தெ விவி (1853–1930), ‘வெலோசியோ’ என்ற பெயரில் சைக்கிள் சஞ்சிகை நடத்தியவர். போட்டிக்காரரின் மோகத்துக்குப் பயணக்காரன் அடிமையாகக் கூடாது, மலைப்பாதைக்கு அகலமான ரயரும் பல கியரும் வேண்டும் என்று வாதாடியவர். ரூர் கியர் மாற்றியை அனுமதித்தது 1937இல்தான். அவர் பார்க்க உயிரோடு இல்லை. அகல ரயர் இன்னும் பிந்தியது. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் றேஸ் சைக்கிள்கள் 20 மில்லிமீற்றர் சொச்சம் மட்டும் அகலமான ரயரில் நூறு பவுண்டுக்கு மேல் காற்றடித்து ஓடின. ஒடுக்கமும் இறுக்கமும்தான் வேகம் என்பது வேதவாக்கு. 2000களில் யான் ஹைனே போன்றோர் உண்மையான பாதைகளில் அளந்து பார்த்தபோது, கரடுமுரடில் இறுகின ரயர் துள்ளித்துள்ளியே ஓடுபவரின் சக்தியைத் தின்கிறது, மெத்தென்ற அகல ரயர் வேகத்தில் தோற்பதில்லை என்று தெரிந்தது. 2006இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 200 மைல் கிறவல் போட்டி ஒன்று சில டசின் பேரோடு தொடங்கியது. இன்று அது ‘அன்பவுண்ட்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் ஓடுகிற போட்டி. அங்கே ரயரைக் கிழிக்கிறது கூர்மையான சிக்கிமுக்கிக் கல். எவ்வளவு விலையான சில்லென்றாலும் ரயர் கிழிந்தால் இறங்கி உருட்ட வேண்டியதுதான்.

ஆக, காசை ரயரில் போடுவது என்று முடிவாகப் போனது. அப்போதுதான் எங்களில் கேகாலைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கிறவள் கேட்டாள்: “எல்லாம் சரி, அந்த றப்பர் எங்கேயிருந்து வந்துச்சுன்னு யாரும் பார்க்கலையா?”

பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

டன்லப்பின் ரயர் வந்து சில வருடத்துக்குள் ஐரோப்பா முழுக்க றப்பருக்கு அலைந்தது. அப்போது பெரும்பகுதி அமேசனிலும் ஆபிரிக்காவிலும் காட்டில் எடுக்கிற றப்பர். கொங்கோ முழுவதையும் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் தன் சொந்தக் காணியாக வைத்திருந்தார். கிராமம் இவ்வளவு றப்பர் தர வேண்டும் என்று கணக்கு. தராவிட்டால் பெண்களைப் பணயமாகப் பிடிப்பது, சுடுவது, கையை வெட்டுவது. ரோஜர் கேஸ்மென்ட் என்ற அயர்லாந்துக்காரர் பிரித்தானியத் தூதராக உள்ளே போய் எழுதிய அறிக்கை 1904இல் வெளியானது. 1908இல் லியோபோல்ட் கொங்கோவைப் பெல்ஜிய அரசிடம் விட வேண்டி வந்தது. முதல் காற்று ரயர் கம்பனி 1889இல் தொடங்கப்பட்டதும் கேஸ்மென்டின் பிறந்த ஊரான டப்ளினில்தான். வாசித்துவிட்டுக் கனநேரம் யாரும் கதைக்கவில்லை.

இதில் எங்கட தீவும் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்ததில் பெரும்பகுதி, 1,900க்கு மேற்பட்ட நாற்றுகள், அதே வருடம் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடை தோட்டத்தில் நட்டார்கள். யாழ்தேவியில் எத்தனை தரம் கம்பஹாவைத் தாண்டியிருக்கிறோம்! 1900களின் தொடக்கத்தில் விலை ஏற ஏற களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவெல்லாம் றப்பர். தோட்டங்களில் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அந்தத் தோட்ட சனத்தில் பெரும்பாலானோருக்கு 1948இல் குடியுரிமை இல்லாமல் போனது. 1952இல் இலங்கை சீனாவோடு றப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் போட்டது. நாடு சோறு தின்றது அந்தப் பாலில். பால் வெட்டினவர்களில் எத்தனையோ பேர் அப்போது எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை.

அவளின் பாட்டி பால் வெட்டியவ. விடியமுன்னம் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். சிரட்டையைக் கட்டி, பட்டையைச் சரிவாகச் சீவ வேண்டும். ஆழமாகப் பட்டால் மரம் கெடும், கங்காணி ஏசுவார். மழை பெய்தால் வேலை இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. “பாட்டிக்குக் கடைசிவரைக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது” என்றாள்.

நாங்கள் பாடப்புத்தகத்தில் றப்பரை ‘ஏற்றுமதிப் பயிர்’ என்று படித்து ஏ எடுத்த ஆக்கள். ‘மலிவு’ என்று நாங்கள் மூன்று இரவு கத்தின சொல்லுக்கு எங்களில் யாரும் விளக்கம் கேட்டிருக்கவில்லை.

கடைசியில் செய்தது இதுதான். சந்திக் கடை ஐயாவிடம் பின் சில்லைக் கொடுத்தோம். “இதை ஏன் தம்பி எறியப் போறியள்?” என்றுவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் நெளிவெடுத்து, உடைந்த மூன்று கம்பியும் மாற்றித் தந்தார். சட்டத்துக்குள் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்து 40 மில்லிமீற்றர் ரயர் ஒரு சோடி எடுத்தோம், தாய்லாந்தில் செய்தது. ரியூப் இல்லாத முறைக்கு மாறவில்லை. அந்தப் பால் மாதிரித் திரவம் எங்கட வெக்கைக்குக் கெதியாகக் காய்ந்துவிடும், ரியூப் எண்டால் எங்கேயும் ஒட்டலாம். காற்று நாற்பது பவுண்ட். மிச்சக் காசில் ஒரு பம்பும் இரண்டு ரியூப்பும். காபன் கேட்டவன் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறான், ஆனால் சனிக்கிழமை முதல் ஓட்டம் அவனுக்கு. அதற்குப் பிறகு அவளுக்கு. ஓடப் பழக்குகிற பொறுப்பு எங்களுக்கு.