அறிவுரையும் ஆணையும்: டிசி-10 சரக்குக் கதவின் வரலாறு

விமானப் பராமரிப்புப் பணிமனைக்கு வந்து சேரும் காகிதங்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, விமானத்தையோ எஞ்சினையோ தயாரித்த நிறுவனம் அனுப்புவது. சர்வீஸ் புல்லட்டின் என்பது அதன் பெயர். மற்றொன்று, அரசின் ஒழுங்குமுறை அமைப்பு பிறப்பிப்பது. பறப்புத் தகுதி ஆணை, பணிமனைப் பேச்சில் ஏ.டி. பல வேளைகளில் இரண்டும் சொல்லும் தொழில்நுட்பச் செய்தி ஒன்றே: எந்த வரிசை எண்கள் கொண்ட விமானங்களில், எந்தப் பாகத்தை, எத்தனை பறப்புகளுக்குள் சோதிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும் என்பது. வேறுபாடு வினைமுற்றில் இருக்கிறது. முன்னது பரிந்துரைக்கிறது, பின்னது விதிக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின்படி, பறப்புத் தகுதி ஆணையை நிறைவேற்றாத விமானம் பறக்கும் ஒவ்வொரு முறையும் தனித்தனி விதிமீறலாகும். புல்லட்டினுக்கு அத்தகைய பல் இல்லை.

தமிழ் இலக்கணம் ஏவலையும் வியங்கோளையும் பிரித்துப் பேசும். வியங்கோளின் கீழ் வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய நான்கையும் அடக்கும். 'செய்க' என்னும் ஒரே வடிவம் வேண்டுகோளாகவும் நிற்கும், விதியாகவும் நிற்கும். எது என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கும். கவிதைக்கு இந்த நெகிழ்வு செல்வம். வான்போக்குவரத்தில் இதே நெகிழ்வுக்கு 1974ஆம் ஆண்டு 346 பேர் உயிரிழந்தனர்.

மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் பின்புறச் சரக்குக் கதவு வெளிப்புறமாகத் திறக்கும். உட்புறமாகத் திறக்கும் கதவை விமானத்தின் உள்ளழுத்தமே சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளியே திறக்கும் கதவுக்கு அந்த இயற்கைக் காவல் கிடையாது. பூட்டின் வலிமையே எல்லாம். மின்மோட்டார் ஒன்று கொக்கிகளைச் சுழற்றி, சட்டத்தில் உள்ள உருளைகளைப் பற்றச் செய்யும். கொக்கிகள் மையத்தைக் கடந்து முழுமையாக அமர்ந்துவிட்டால் உள்ளழுத்தம் அவற்றை மேலும் இறுக்கும். சிறிது குறைவாக நின்றுவிட்டாலோ, சுமை முழுதும் மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளின் மேல் விழும். கொக்கிகள் அமர்ந்த பின் வெளியிலிருக்கும் கைப்பிடியை அழுத்தினால் பூட்டு முட்கள் அவற்றின் பின்னால் சென்று நிற்க வேண்டும். கொக்கிகள் சரியாக அமராவிட்டால் கைப்பிடி அசையாமல் நிற்பதே வடிவமைப்பின் நோக்கம். ஆனால் உள்ளிருந்த இணைப்புத் தண்டுகள் மெலிந்தவை. போதிய பலம் கொடுத்து அழுத்தினால் அவை வளைந்து கொடுக்கும், கைப்பிடியும் மூடிக்கொள்ளும், விமானி அறையின் எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிடும்.

இதைவிடக் கேடான ஒன்றும் இருந்தது. பயணிகள் அறையின் தரைத்தளம் வழியாகவே வால்பகுதிக்குச் செல்லும் கட்டுப்பாட்டு வடங்கள் ஓடின. கதவு பறந்துபோனால் கீழே சரக்கறையில் அழுத்தம் நொடியில் வீழும். மேலே அழுத்தம் அப்படியே இருக்கும். தரைத்தளம் அந்த வேறுபாட்டைத் தாங்காமல் கீழே சரியும். வடங்களையும் இழுத்துக்கொண்டு சரியும்.

இது யாரும் எதிர்பாராத ஒன்று அன்று. 1970 மே மாதம், விமானம் சேவைக்கு வருவதற்கு முன்பே, தரையில் நடந்த அழுத்தச் சோதனையொன்றில் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போய், தரைத்தளத்தின் ஒரு பகுதியும் இடிந்தது. மூடியவரின் கவனக்குறைவு என்று நிறுவனம் விளக்கம் கண்டது. பரிகாரமாக, கதவில் ஒரு சிறிய காற்றுத்துளைக் கதவு சேர்க்கப்பட்டது: அது திறந்திருக்கும்வரை விமானத்தில் அழுத்தம் ஏறாது. ஆனால் அச்சிறு கதவு கொக்கிகளின் உண்மை நிலையோடு அல்லாமல் கைப்பிடியின் நிலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. கைப்பிடி பொய் சொன்னால் அதுவும் சேர்ந்து பொய் சொல்லும்.

1972 ஜூன் 12 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 96ஆம் எண் விமானம் டெட்ராய்ட்டிலிருந்து பஃபலோவுக்குப் புறப்பட்டது. டெட்ராய்ட்டில் கைப்பிடி எளிதில் மூடவில்லை. சரக்கேற்றும் பணியாளர் முழங்காலால் அழுத்தி மூடினார். கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேலே, சுமார் 11,750 அடி உயரத்தில், கதவு வெடித்துத் திறந்தது. தரைத்தளத்தின் பின்பகுதி சரிந்தது. வடங்கள் சில அறுந்தன, சில சிக்கிக்கொண்டன. பின்பகுதியில் இருக்கை வரிசைகளுக்குப் பதில் பயணிகள் கூடிப் பேசும் ஓய்விடம் இருந்தமையால் அங்கே பாரம் குறைவு; தரை முற்றிலும் இடியவில்லை. தலைமை விமானி பிரைஸ் மெக்கார்மிக், வழக்கமான கட்டுப்பாடுகள் செயலிழந்தால் எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தைச் செலுத்த முடியுமா என்று சிமுலேட்டரில் முன்பே முயன்று பார்த்திருந்தவர். விமானத்தில் இருந்த 67 பேரும் உயிர் பிழைத்தனர். அனைவரும் பிழைத்தார்கள் என்பதே அடுத்து நடந்தவற்றுக்கு இடமளித்தது எனலாம். பிணங்கள் கிடக்கும் களத்தில் 'நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்று எவரும் சொல்லத் துணியார்.

அமெரிக்கக் கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்தின் மேற்கு வட்டார அலுவலகம் பறப்புத் தகுதி ஆணையை வரையத் தொடங்கியது. அதற்குள், ஜூன் 16 அன்று, நிர்வாகத்தின் தலைவர் ஜான் ஷாஃபருக்கும் டக்ளஸ் பிரிவின் தலைவர் ஜாக்சன் மெக்கவனுக்கும் இடையே தொலைபேசி உரையாடல் நிகழ்ந்தது. ஆணை வேண்டாம், நிறுவனமே புல்லட்டின் அனுப்பித் திருத்தங்களைச் செய்துவிடும் என்று முடிவாயிற்று. வரலாற்றில் இது 'கனவான்களின் உடன்பாடு' என்றே அழைக்கப்படுகிறது. ஆணை என்பது பொது ஆவணம். விமானத்தின் குறை ஊரறிய அறிவிக்கப்படும். லாக்ஹீட் நிறுவனத்தின் ட்ரைஸ்டார் போட்டியில் நின்ற காலம் அது. மேற்கு வட்டாரத் தலைவர் ஆர்வின் பாஸ்நைட், நடந்தவற்றையெல்லாம் நாள்வாரியாகக் குறிப்பெழுதிக் கோப்பில் சேர்த்தார். மேலிடத்தை மறுத்துப் பேச இயலாத அரசு அலுவலர் வரலாற்றுக்கு ஆற்றக்கூடிய பணி பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்பு இல்லையேல் தொலைபேசிப் பேச்சு காற்றோடு போயிருக்கும்.

'பரிந்துரை' என்னும் சொல் இந்தக் கதையில் மற்றோரிடத்திலும் வருகிறது. விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கொக்கிகள் முழுமையாக அமராமல் கதவை மூடவே முடியாதபடி பூட்டை மாற்றுமாறும், திடீர் அழுத்த வேறுபாடு ஏற்பட்டால் காற்று வெளியேறத் தரைத்தளத்தில் வழிகள் அமைக்குமாறும் 1972 ஜூலையில் பரிந்துரைத்தது. வாரியத்துக்கு ஆணையிடும் அதிகாரம் சட்டப்படியே இல்லை. ஆக, ஆணையிடும் உரிமை இல்லாத அமைப்பு பரிந்துரைத்தது. அந்த உரிமை உள்ள அமைப்பு ஆணையிடவில்லை. எஞ்சியது நிறுவனத்தின் புல்லட்டின் மட்டுமே. அந்த ஜூலையில் வந்த 52-37ஆம் எண் புல்லட்டின், இணைப்புத் தண்டு வளைவதைத் தடுக்கும் தாங்குதகட்டைப் பொருத்தவும், பூட்டு முட்களைச் சரிசெய்யவும் சொன்னது. அவசர வகையில் சேர்க்கப்படாமல் சாதாரண வகையிலேயே அது அனுப்பப்பட்டது. மற்றொரு புல்லட்டினின்படி கதவில் கண்ணாடித் துளையொன்றும் அறிவிப்புப் பலகையும் வைக்கப்பட்டன. துளை வழியே பார்த்தால் முட்கள் உரிய இடத்தில் இருப்பது தெரியும்.

விண்ட்சர் சம்பவம் நிகழ்ந்து 15 நாள்களில், விமானத்தின் உடற்பகுதியைச் செய்து கொடுத்த கான்வேர் நிறுவனத்தின் பொறியியல் இயக்குநர் டான் ஆப்பில்கேட் தம் மேலாளர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த 20 ஆண்டுகளில் இக்கதவுகள் திறக்கத்தான் போகின்றன, அதனால் விமானம் அழியவும் கூடும் என்பது அதன் சாரம். திருத்தச் செலவு எந்த நிறுவனத்தின் தலையில் விழும் என்ற கணக்கு குறுக்கே நின்றது. குறிப்பு மெக்டொனல் டக்ளஸுக்கு அனுப்பப்படவே இல்லை. விபத்துக்குப் பின் நடந்த இழப்பீட்டு வழக்கில்தான் அது வெளிவந்தது.

1974 மார்ச் 3. துருக்கிய ஏர்லைன்ஸ் 981ஆம் எண் விமானம், இஸ்தான்புல்லிலிருந்து பாரிஸின் ஓர்லி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. பிரிட்டிஷ் விமான நிறுவனமொன்றின் வேலைநிறுத்தத்தால் இடம் கிடைக்காத பயணிகள் பலர் இதில் ஏறியிருந்தனர். விமானம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. புறப்பட்ட சில நிமிடங்களில் கதவு பறந்தது, தரைத்தளம் சரிந்தது, ஒன்றரை நிமிடத்துக்குள் விமானம் எர்மெனோன்வில் காட்டில் மோதியது. 346 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆய்வாளர்கள் ஆவணங்களைப் புரட்டியபோது, அந்த விமானத்தில் 52-37ஆம் புல்லட்டின் வேலை முடிந்ததாக நிறுவனத்தின் பரிசோதகர் முத்திரைகள் இருந்தன. மீட்கப்பட்ட கதவிலோ தாங்குதகடு இல்லை. பூட்டு முட்களும் தவறான திசையில் சரிசெய்யப்பட்டிருந்தன. கைப்பிடியை மூட முழங்கால்கூடத் தேவைப்படாத நிலை. ஆணையின் கீழ் நடந்த வேலையாக இருந்தால் இந்த முத்திரை மெய்யாகியிருக்கும் என்று அடித்துச் சொல்ல இயலாது. பொய் முத்திரைக்கு ஆணையும் மருந்தன்று. ஆனால் ஆணை இருந்திருந்தால் வாங்கிய விமான நிறுவனமும், பதிவு செய்த நாடும் தாமே அதைச் சரிபார்க்கக் கடமைப்பட்டிருக்கும். ஒரே கதவை இரண்டு மூன்று ஜோடிக் கண்கள் பார்த்திருக்கும்.

கதவருகே இருந்த அறிவிப்பு ஆங்கிலத்திலும் துருக்கியிலும் எழுதப்பட்டிருந்தது. ஓர்லியில் அதை மூடிய பணியாளர் அல்ஜீரியாவைச் சேர்ந்தவர்; அவ்விரு மொழிகளையும் வாசிக்க அறியாதவர். கைப்பிடி இயல்பாக மூடினால் போதும் என்பதே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. கைப்பிடி இயல்பாகவே மூடியது. கண்ணாடித் துளை வழியே பார்ப்பது அவர் பொறுப்பு அன்று. அன்று யாரும் பார்க்கவில்லை. முதல் சில நாள்களில் பழி அவர்மேல் சாய்ந்ததில் வியப்பில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணி எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது.

அதே மாதத்தில் புல்லட்டின்கள் யாவும் ஆணையாக மாறின. தரைத்தளம் பற்றிய ஆணை 1975இல் வந்தது. டிசி-10க்கு மட்டுமின்றி அகன்ற உடல் கொண்ட பிற விமானங்களுக்கும் அது பொருந்தியது. வாரியத்தின் பரிந்துரைக்கும் ஆணைக்கும் இடையே 3 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆணை என்றால் எல்லாம் அடங்கிவிடும் என்பதும் இல்லை. ஹவாயில் 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737இன் கூரை நடுவானில் பெயர்ந்தது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். உடற்பகுதித் தகடுகளின் இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லும் ஆணை முந்தைய ஆண்டிலேயே வந்திருந்தது. தயாரிப்பாளரின் புல்லட்டின் பல இணைப்புகளைக் குறிப்பிட்டிருக்க, ஆணை அவற்றுள் சிலவற்றை மட்டுமே கட்டாயமாக்கியது. பிளவு தொடங்கியது விடுபட்ட இணைப்பொன்றில். எஞ்சின்களிலும் இதே இடைவெளி உண்டு. சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 737 ஒன்றில் 2016இல் விசிறித் தகடு முறிந்தபின், மீயொலிச் சோதனையைக் கட்டாயமாக்கும் வரைவை அமெரிக்க நிர்வாகம் 2017 ஆகஸ்டில் வெளியிட்டது. அது இறுதியாகும் முன், 2018 ஏப்ரல் 17 அன்று அதே நிறுவனத்தின் மற்றொரு விமானத்தில் தகடு முறிந்து பயணி ஒருவர் இறந்தார். மூன்றே நாளில் அவசர ஆணை வந்தது.

இந்தியாவுக்கு இந்தப் பழைய வேறுபாடு 2025இல் வந்து சேர்ந்தது. விண்ட்சர் நிகழ்வின் அதே ஜூன் 12ஆம் நாளில் அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தது. தரையில் இருந்தோர் உட்பட 260 பேர் இறந்தனர். எஞ்சின்களுக்கு எரிபொருளைத் திறந்து மூடும் சுவிட்சுகளின் தாழ் விடுபடக்கூடும் என்று அமெரிக்க நிர்வாகம் 2018 டிசம்பரில் ஒரு தகவல் அறிக்கை வெளியிட்டிருந்ததை, ஜூலையில் வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. அது ஆணைக்குரிய அபாயமாகக் கருதப்படவில்லை. அறிவுரை மட்டுமே, கட்டாயமன்று என்பதால் அச்சோதனையைச் செய்யவில்லை என விமான நிறுவனம் தெரிவித்ததாகவும் அறிக்கை கூறுகிறது. விபத்துக்கும் அந்தத் தாழுக்கும் தொடர்பு உண்டென்று அது எங்கும் சொல்லவில்லை. அப்படி வாசிப்பது பிழையாகும். ஜூலை 14 அன்று இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அச்சோதனையைக் கட்டாயமாக்கி, ஜூலை 21 வரை கெடு விதித்தது. தன்னிடமிருந்த போயிங் விமானங்களில் சோதனை முடிந்தது, குறையேதும் காணப்படவில்லை என்று ஜூலை 22 அன்று ஏர் இந்தியா அறிவித்தது. ஆறரை ஆண்டுகள் அறிவுரையாகக் கிடந்த வேலை ஆணையானதும் ஒரு வாரத்தில் முடிந்தது.