மேல்வாரமும் குடிவாரமும்

சட்டக் கல்வியைத் தொடங்கும் மாணவர் ஒருவரை ஒரு நன்செய் வரப்பின்மேல் நிறுத்தி, "இந்த நிலம் யாருடையது?" என்று கேட்டால், அவர் ஒரே ஒரு பெயரைத்தான் தேடுவார். கைக்கடிகாரத்துக்கும் மாட்டுவண்டிக்கும் உரியவர் ஒருவர் இருப்பதுபோல நிலத்துக்கும் ஒருவர் இருப்பார் என்பது நம் எண்ணம். நிலச் சட்டத்தைக் கற்க வருவோர் முதலில் களைய வேண்டியது இந்த எண்ணத்தையே. ஒரு வயலைக் கிரயம் பெற்றவர் ஒருவர்; அதனை அடைமானமாகப் பெற்றவர் மற்றொருவர்; குத்தகைக்கு உழுபவர் வேறொருவர்; வரப்பின் வழியே தம் வயலுக்கு நீர் கொண்டு செல்லும் உரிமை அண்டை நிலத்தாருக்கு; தீர்வை வாங்கும் உரிமை அரசுக்கு. நிலம் ஒன்றே, அதன்மேல் அடுக்கடுக்காக உரிமைகள் பல. இவற்றுள் எது எதிலிருந்து பிறந்தது என்பதே வழக்கின் உயிர்நாடி.

இது ஆங்கிலேயர் கொண்டுவந்த புதுக் கருத்து அன்று. முதலாம் இராசராச சோழன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. பிடியானை ஒன்றை எல்லை சூழ நடத்தி, ஊரின் பரப்பு சுமார் 97 வேலி என வரையறுத்து, அது இறுக்க வேண்டிய நெல் 8,943 கலத்துக்கு மேல் எனக் கணக்கிட்டுள்ளனர். உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் உட்பட எதுவும் விடுபடாதவாறு எழுதும் வழக்கம் அக்காலத்து ஆவணங்களில் உண்டு. இன்றைய பத்திர எழுத்தர்கள் பொறாமை கொள்ளத்தக்க கவனம் அது! ஆனால் விகாரத்துக்குச் சென்றது என்ன? அரசனுக்குச் சேர வேண்டிய இறை விகாரத்துக்குச் சென்றது. பிக்குகள் வந்து ஏர் பிடிக்கவில்லை. உழுத குடி உழுதுகொண்டே இருந்தது. நெல் செல்லும் திசை மட்டும் மாறியது.

பிற்காலத்தில் இவ்விரண்டு உரிமைகளுக்கும் மேல்வாரம், குடிவாரம் என்னும் பெயர்கள் நிலைத்தன. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், கிராம ஊழியருக்கு உரிய படிகளை முதலில் ஒதுக்குவர். (அந்தப் படிகளுக்குச் 'சுதந்திரம்' என்றே பெயர் வழங்கியது என்பதை அறிந்தால் இன்றைய மாணவர் வியப்பர்.) மிஞ்சியதில் ஒரு பங்கு மேலே இருப்பவருக்கு, அதாவது அரசனுக்கோ அவனிடமிருந்து அவ்வுரிமையைப் பெற்றவருக்கோ; மற்றப் பங்கு குடிக்கு. வாரம் என்றால் பங்கு. ஆகவே இவை களத்துமேட்டில் நெல்லைப் பிரித்தபோது தோன்றிய சொற்கள். நீதிமன்றத்துக்கு வந்தபோதோ அவை நெல்லைக் குறிப்பதோடு நில்லாமல், நிலத்தின்மேல் உள்ள இருவகை உரிமைகளையே குறிக்கலாயின.

நிற்க. 1793 இல் வங்காளத்தில் காரன்வாலிஸ் நிறுவிய நிரந்தரத் தீர்வையை அடியொற்றி, 1802 ஆம் ஆண்டின் 25 ஆவது ரெகுலேஷன் சென்னை மாகாணத்தில் பிறந்தது. ஜமீன்தார் ஆண்டுதோறும் மாறாத ஒரு தொகையைக் கும்பினியாருக்குச் செலுத்த வேண்டும். அதற்கு ஈடாக நிலத்தின் சொத்துரிமை அவருக்கு உரியது என்று அச்சட்டம் கூறிற்று. இங்கேதான் இடர் தொடங்கியது. கும்பினியாரிடம் இருந்தது மேல்வாரம் மட்டுமே. தம்மிடம் இல்லாத ஒன்றை ஒருவர் பிறருக்குக் கொடுத்தல் இயலாது என்பது சொத்துச் சட்டத்தின் அரிச்சுவடி. எனினும் 'சொத்துரிமை' என்ற சொல்லைக் கண்ட ஜமீன்தார், இங்கிலாந்து நாட்டு நிலப்பிரபுவைப் போலத் தம்மையும், அவரிடம் வாடகைக்கு இருப்பவரைப் போலக் குடிகளையும் கருதத் தலைப்பட்டார். சர் தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது வெளிவந்த 1822 ஆம் ஆண்டின் நான்காவது ரெகுலேஷன், முந்திய சட்டங்கள் எவருடைய உண்மையான உரிமையையும் வரையறுக்கவோ அழிக்கவோ எழுந்தவை அல்ல என்று விளக்கம் தந்தது. விளக்கம் ஏட்டில் இருந்தது. நோட்டீசு குடிசைக்கு வந்தது.

வழக்கு எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "இவன் ஆண்டுக்கு ஆண்டு இருக்கும் குத்தகைக்காரன், இந்த ஆண்டோடு வெளியேற வேண்டும்" என்பது ஜமீன்தாரின் வாதம். "என் பாட்டன் காலத்திலிருந்து உழுகிறோம்" என்பது குடியின் விடை. இருவரிடமும் தொடக்க காலத்து ஆவணம் இல்லை. அப்படியானால் வெற்றி யாருக்கு? மெய்ப்பிக்கும் பொறுப்பு யார்மீது விழுகிறதோ அவரே தோற்பார். 'நிரூபணச் சுமை' என்று சட்ட நூல்களில் வரும் தொடர் மாணவருக்கு வறண்ட தொடராகத் தோன்றும். அதன் ஒரு தட்டில் ஒரு குடும்பத்தின் அடுப்பு இருக்கிறது என்பதை இவ்வழக்குகளைப் படித்தால் உணரலாம்.

1897 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்த அத்தகைய வழக்கொன்றில் நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் இந்தச் சுமையை இடம் மாற்றி வைத்தார். குடிவாரம் பெரும்பாலும் ஜமீன்தார் கொடுத்ததால் உண்டானது என்னும் கருத்து நிற்காது என்றும், இவ்விருவரின் உறவு இங்கிலாந்துச் சட்டத்தின் நிலக்கிழார்–குத்தகைக்காரர் உறவு அன்று என்றும் அத்தீர்ப்பு கொண்டது. காட்டைத் திருத்தி உழுதவனின் உரிமை, ஜமீன்தார் என்ற பெயர் தோன்றுமுன்பே தோன்றியது. எனவே குடியை நிலத்தில் அமர்த்தியவர் தாமே என்று ஜமீன்தார்தான் மெய்ப்பிக்க வேண்டும். குடிவாரம் மேல்வாரத்தின் கிளை அன்று. தனக்கென வேர் உடைய வேறொரு மரம். நம் நாட்டு நிலச் சட்டத்தில் இதைவிட விளைவு மிகுந்த தீர்ப்புகள் சிலவே என்பது என் எண்ணம்.

அந்தக் கருத்து 1908 ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் நிலச் சட்டத்தில் இடம் பெற்றது. ஜமீன் நிலத்தை உழும் ரயத்துக்கு நிலையான அனுபோக உரிமை கிடைத்தது. ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலம் மட்டும் விலக்கு. விலக்கு என்று ஒன்று இருந்தால் அதற்குள் நுழைய முயல்வோர் இராமற் போவரோ? குடிநிலத்தைப் பண்ணை நிலம் என்று நாட்டும் முயற்சிகள் எழுந்தன. நீதிமன்றங்களுக்கும் வேலை பெருகிற்று. இறுதியில் 1948 ஆம் ஆண்டின் 26 ஆவது சட்டம் எஸ்டேட்டுகளை ஒழித்து, மேல்வாரத்தை அரசே மீண்டும் எடுத்துக்கொண்டு, குடிக்கு ரயத்துவாரிப் பட்டா பெறும் உரிமையை வழங்கியது.

ரயத்துவாரி முறையை இதுவரை கூறாமல் விட்டது மறதியினால் அன்று. அலெக்சாண்டர் ரீடும் மன்றோவும் 1792 முதல் பாராமகாலில் தொடங்கிய அம்முறையில் நடுவே ஜமீன்தார் இல்லை. அரசும் பட்டாதாரருமே நேருக்கு நேர் நின்றனர். குடிக்கு நன்மை செய்ய எழுந்த முறை என்றே பாடநூல்கள் இதனைப் புகழும். ஆனால் தஞ்சைப் பகுதியைப் பாருங்கள். அங்கே பட்டா பெற்றவர் பெரும்பாலும் மிராசுதாரர். சேற்றில் இறங்கி உழுதவர் புறக்குடியும் பண்ணையாளும். 1908 ஆம் ஆண்டுச் சட்டம் எஸ்டேட்டுகளுக்கே உரியதாகையால் இவர்களை அது தொடவில்லை. குடிவாரம் என்று காத்த உரிமைக்குள்ளேயே மற்றொரு மேலும் கீழும் தோன்றிவிட்டன. கீழே நின்றவரைச் சட்டம் காண மேலும் 44 ஆண்டுகள் சென்றன. 1952 இல் வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்தது. இவ்வளவைப் பெறவே ஒரு சட்டம் தேவைப்பட்டதென்றால், அதற்கு முன் கிடைத்தது எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1955 ஆம் ஆண்டின் சட்டம் சாகுபடிக் குத்தகைதாரரை வெளியேற்றுவதைத் தடுத்தது. 1956 ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் நிலச் சொந்தக்காரரின் பங்கை நூற்றுக்கு 40 என வரையறுத்தது. அது பின்னர் 25 ஆகக் குறைந்தது.

பட்டாவைப் பற்றியும் ஒரு சொல். பட்டா இருந்தால் நிலம் தமதே என்று நம்புவோர் இன்றும் பலர். யாரிடம் தீர்வை வாங்குவது என்று வருவாய்த்துறை வைத்துக்கொள்ளும் குறிப்பே அது. வலுவான சான்றாகலாம், ஆனால் உரிமையைப் பிறப்பிப்பது அதன் வேலை அன்று. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். விற்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டும் நிலத்தின்மேல் எவ்வுரிமையையும் தராது. பட்டாவில் தந்தையின் பெயர் இருக்க, பத்திரம் வேறொருவரிடம் இருக்க, உழுபவர் மூன்றாமவராக இருக்கும் கட்டுகள் வழக்கறிஞர் மேசைக்கு நாள்தோறும் வருகின்றன.

அந்த மூன்றாமவரின் கையில் பல வேளைகளில் ஒரு துண்டுச் சீட்டும் இராது. குத்தகை பெரும்பாலும் வாய்ச்சொல்லால் பேசப்படுவது. நெல்லை அளந்து கொடுத்தால் ரசீது கிடைப்பது அரிது. பாதுகாப்புச் சட்டம் இருந்தும், தாம் குத்தகைதாரர் என்பதையே அவர் மெய்ப்பிக்க முடியாமற் போயிற்று. 1897 இல் ஜமீன் குடிக்கு நீங்கிய அதே நிரூபணச் சுமை இவர் தோளில் ஏறி இருந்தது. இதற்காகவே 1969 இல் விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. அப்பதிவேட்டில் ஊரின் பெயரும், சர்வே எண்ணும், பரப்பும், சொந்தக்காரர் பெயரும் எழுதப்பட்டு, அவற்றோடு உழுபவரின் பெயரும் எழுதப்படும்.